மனுசங்கடா என்ற ஒரு சொல்: கே.ஏ. குணசேகரனின் பாட்டைக் கேட்பது எப்படி?

நாட்டுப்புறப் பாட்டு என்று சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு படம் மனசுக்குள் வரும். பச்சை வயல், நாத்து நடும் பெண்கள், தலைப்பாகை கட்டிய ஒருத்தர், கள்ளமில்லாத சிரிப்பு. பாட்டை யார் உண்டாக்கினாங்க, அவங்களுக்கு அந்த ஊரில் எந்தத் தெருவில் வீடு, பாடி முடிச்சதும் அவங்களுக்குச் சோறு எங்கே வச்சுப் போட்டாங்க என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடம் இல்லை.

அந்தக் கேள்விகளைப் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவர் கே.ஏ. குணசேகரன். பாடகர், பாட்டுக்காரர், நாடக ஆசிரியர், ஆய்வாளர், பேராசிரியர். அவருடைய முழுப்பெயர் கரு. அழ. குணசேகரன். சிவகங்கை மாவட்டம் இளையான்குடி பக்கத்தில் மாரந்தை என்ற ஊரில் 1955 மே 12 அன்று பிறந்தவர். 2016 சனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். அவரைப் பற்றி எழுதுறவங்க "மக்கள் பாடகர்" என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அவருடைய பாட்டு இசையாக எப்படி வேலை செய்யுது, அதில் இருக்கும் சமூக உணர்வு சொல்லில் மட்டும் இருக்கா, மெட்டிலும் தாளத்திலும்கூட இருக்கா என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நான் இலஞ்சியில் இருந்து எழுதுறதால், முதலில் இங்கே நம்ம பக்கத்தில் கிடைக்கும் இரண்டு உதாரணங்களில் தொடங்குறேன். குணசேகரன் செய்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிய அவை தேவை.

குறவஞ்சி மேடும் முத்துப்பட்டனும்

இலஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலகரம்தான் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள், சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்கிறார்கள். நாட்டுப்புற மெட்டுகளைப் புலமையோடு சேர்த்த அருமையான நூல், அதில் சந்தேகமே இல்லை. மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர்.

பெயரைக் கவனிங்க. குரல் குறத்தியுடையது, நிலம் கவிராயருக்கு. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லலை. அந்தக் காலத்து இலக்கியத்தின் ஏற்பாடே அதுதான். நாட்டுப்புறக் குரலை இரவல் வாங்கிப் பாடலாம். குரலுக்கு உரியவர் மேடைக்கு வர வேண்டியதில்லை.

இரண்டாவது உதாரணம் வில்லுப்பாட்டு. தென்காசி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில் வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை எல்லாம் வச்சு விடிய விடியப் பாடும் கதைகளில் முத்துப்பட்டன் கதை முக்கியமானது. பிராமணனான முத்துப்பட்டன், தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பெண் வேண்டுமென்றால் பூணூலை அறுத்துட்டு எங்களைப் போலச் செருப்புத் தைத்துக் காட்டு என்று பகடை சொல்ல, அவன் அப்படியே செய்கிறான். கல்யாணமும் நடக்குது. மாமனாரின் மாட்டுக்கிடையைக் கள்ளர்களிடமிருந்து காப்பாத்தப் போய் உயிரை விடுகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவனுக்கு வழிபாடு நடக்குது. இன்னைக்கும் பக்தர்கள் அங்கே நேர்ச்சையாகத் தோல் செருப்பு செலுத்துறாங்க.

இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. அவர் காட்டிய ஒரு விசயம் எனக்கு எப்பவும் மறக்காது. கதையின் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்த அவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு கிளைக்கதை வரும். அது பின்னால் ஒட்டப்பட்டது. ஆதிக்க சாதியினர் முன்னால் பாட வேண்டிய நெருக்கடியில், கதையின் முள்ளை ஒடித்துவிட்டார்கள்.

நாட்டுப்புறப் பாட்டு என்பது மாறாமல் இருக்கும் பழம்பொருள் இல்லை. பாடுகிறவர் ஒவ்வொரு தடவையும் சொல்லை மாத்துகிறார். அந்த மாற்றம் யார் பக்கம் சாயுது என்பதுதான் கேள்வி. முத்துப்பட்டன் கதையில் ஒரு மாற்றம் மேல்பக்கம் சாய்ந்தது. குணசேகரன் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதற்கு எதிர்ப்பக்க மாற்றம்.

மாரந்தையிலிருந்து

குணசேகரனின் வாழ்க்கை பற்றி அவரே எழுதிய நூல் 'வடு'. 2005-இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. தமிழில் வந்த தலித் தன்வரலாறுகளில் முன்னோடியானது. வி. காதம்பரி மொழிபெயர்ப்பில் 2009-இல் ஆங்கிலத்திலும் வந்தது. மெலிந்த புத்தகம்தான், ஒரே மூச்சில் படிச்சிடலாம். படிச்சிட்டு உடனே எழுந்துபோக முடியாது.

அதில் பசி இருக்கு. உதவித்தொகைக்காகப் பள்ளியில் சாதி கேட்கப்படும்போது எழுந்து நிற்கும் பையனின் கூச்சம் இருக்கு. கூடவே எதிர்பாராத ஒரு விசயமும் இருக்கு. இளையான்குடி முஸ்லிம்களோடு பழகும்போது சாதி உறுத்தாமல் இருந்ததை அவர் விரிவாகச் சொல்கிறார். சில மைல் தூரத்தில் இருக்கும் கிராமத்துக்குப் போனால் அதே பையன் வேறு மாதிரி நடக்கணும், வேறு மாதிரி பேசணும். ஒரே உடம்பு, இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக அளக்கப்படுது. சாதி என்பது இயற்கை இல்லை, இடத்துக்கு இடம் மனிதர்கள் நடத்தும் ஏற்பாடு என்று அவர் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. நடந்து போய்த் தெரிஞ்சுக்கிட்டார்.

கல்லூரிக் காலத்திலேயே இடதுசாரி மேடைகளில் பாட ஆரம்பிச்சார். நாட்டுப்புறவியலை முறையாக ஆராய்ந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக, அதன் தலைவராக இருந்தார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். இடையில் 'தன்னானே' என்ற பெயரில் ஒரு கலைக்குழு.

அவர் பாடியதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கிராமங்களில் கேட்டுச் சேகரித்த பாட்டுகள், கவிஞர்கள் எழுதித் தர இவர் பாடிப் பரப்பியவை, இவரே எழுதியவை. கேட்கும்போது எது எந்த வகை என்று பிரிப்பது கஷ்டம், ஏன்னா மூன்றையும் ஒரே இலக்கணத்தில் பாடுவார். அந்த இலக்கணத்தின் பெயர்தான் அவர் குழுவுக்கும் பெயர்.

தன்னானே என்ன செய்யுது?

'தன்னானே', 'தானானே', 'ஏலேலோ' மாதிரியான சொற்களுக்கு அர்த்தம் இல்லை. அதனாலேயே பலர் இதை வெறும் இட்டுநிரப்பி என்று நினைக்கிறாங்க. உண்மையில் ஒரே நேரத்தில் மூன்று வேலை அதில் நடக்குது.

முதலாவது, அது மெட்டின் அளவுகோல். பாட்டு எத்தனை அடி எடுத்து வைக்கும், எங்கே நிக்கும், எங்கே இழுக்கும் என்று எல்லாத்தையும் முதல் 'தன்னானே' சொல்லிடும். கூட இருக்கிறவங்களுக்கு ஒத்திகை தேவையில்லை.

இரண்டாவது, அது முன்பாட்டுக்காரருக்கு மூச்சு. ஒரு அடியைப் பாடிட்டு, பின்பாட்டுக்காரங்க 'தன்னானே' போடும்போது, அடுத்த அடியை அவர் யோசிச்சுக்கலாம். நாத்து நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் பழைய பாட்டுக்குள் புது ஆளின் பெயர், புதுச் சம்பவம், கங்காணி மேல் ஒரு கிண்டல் நுழையுறது இந்த இடைவெளியில்தான். நாட்டுப்புறப் பாட்டு நடப்புச் செய்தியைப் பேச முடிவதற்கு அடிப்படையே இந்த இடைவெளி.

மூன்றாவது, அது கேட்கிறவரைப் பாடுகிறவராக மாத்துது. அர்த்தம் தெரிய வேண்டாம், ராகம் படிச்சிருக்க வேண்டாம். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை வாய் தானாக முணுமுணுக்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "ஆமா" போடுவாரே, அது குழுவுக்குள் நடப்பது. 'தன்னானே'யில் அந்த "ஆமா" போடும் உரிமை கூட்டம் முழுசுக்கும் வந்துடுது.

இப்ப ஒரு சபாக் கச்சேரியை யோசிச்சுப் பாருங்க. பாடகர் மேலே, ரசிகர் கீழே. ரசிகர் தலையாட்டலாம், தாளம் போடலாம், பாடக் கூடாது. குணசேகரனின் நிகழ்ச்சி அமைப்பிலேயே அந்த மேல், கீழ் இல்லை. சமத்துவம் பற்றிய பாட்டு என்பதற்கு முன்னால், பாடும் முறையே சமமானது. அதனால் அவருடைய சமூக உணர்வைச் சொல்லில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

குரலைப் பற்றியும் சொல்லணும். பயிற்சியில் வழுவழுப்பாக்கிய குரல் இல்லை அது. திறந்தவெளியில், மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் போகணும் என்று பழகிய குரல். மேல் ஸ்தாயியில் எடுத்து, அடியின் முடிவில் சறுக்கி இறங்கும். என் காதுக்கு அந்த இறக்கத்தில் ஒப்பாரியின் இழுப்பு கேட்கும். ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைக்க வேண்டாம். கிராமத்தில் ஒரு பெண் புகுந்த வீட்டாரையும், கூடப் பிறந்தவனையும், ஊரையும் எல்லார் முன்னாலும் பழி சொல்ல அனுமதி இருக்கும் ஒரே இடம் அதுதான். அழுகைக்குள் வழக்கு நடக்கும். குணசேகரன் பாட்டில் வரும் கோபத்துக்கு அந்த ஈரம் இருக்கு. கோஷமாக மட்டும் ஆகாமல் அது காப்பாத்துது.

ஒரு 'டா'வின் கணக்கு

குணசேகரன் என்றதும் நினைவுக்கு வரும் பாட்டு 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் 1944-இல் பிறந்த சாகுல் அமீது என்ற தமிழ்ப் பேராசிரியர்தான் இன்குலாப். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவர் எழுதியதைக் குணசேகரன் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டின் சாரம் ரொம்ப எளிமையானது: நாங்களும் உங்களைப் போல மனிதர்கள்தான்.

அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்க. 'மனிதர்கள்' என்று எழுதியிருக்கலாம். அது மேடைத் தமிழ், மனு எழுதும் தமிழ். 'மனுசங்க' என்பது வீட்டுத் தமிழ். சாப்பிட்டியா என்று கேட்கும் அதே வாயில் வரும் சொல்.

அடுத்தது அந்தக் கடைசி எழுத்து. நம்ம ஊர்களில் 'டா' எந்தத் திசையில் ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர் சின்னவரைச் சொல்லலாம், நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் சொல்லலாம். சாதி அதில் இன்னொரு விதியைச் சேர்த்தது. ஆதிக்க சாதி வீட்டுப் பையன், தன் தாத்தா வயசுள்ள சேரிக்காரரைப் பெயர் சொல்லி "டா" போட்டுக் கூப்பிடலாம். திரும்பி "டா" சொல்ல அந்தப் பெரியவருக்கு வழி இல்லை. வயசுக்கு மரியாதை என்று நாம் பெருமைப்படும் மொழி, இந்த ஒரு இடத்தில் வயசைத் தூக்கிப் போட்டுட்டு சாதியை எடுத்துக்கும்.

'மனுசங்கடா' அந்த எழுத்தைத் திசை திருப்புது. பல தலைமுறையாக மேலிருந்து கீழே மட்டும் இறங்கிய 'டா', முதல் தடவையாகக் கீழிருந்து மேலே போகுது. அதுவும் வசவாக இல்லை. "நாங்க மனுசங்க" என்ற, யாரும் மறுக்க முடியாத ஒரு வாக்கியத்தின் வாலாகப் போகுது. கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தொனி. புத்தகத்தில் படிக்கும்போது இது சட்டென்று பிடிபடாது. ஒருத்தர் முன்னால் பாட, கூட்டம் மொத்தமும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும்போதுதான் பிடிபடும். தனியாக ஒருத்தர் ஊருக்குள் நின்று 'டா' சொன்னால் அடி விழும். ஐந்நூறு பேர் தாளத்தோடு சேர்ந்து சொன்னால் அது பாட்டு. பாட்டு கொடுக்கும் பாதுகாப்பு அது.

சேரியில் பிறந்தவரே அதைப் பாடினார் என்பதும் முக்கியம். குறவஞ்சி மேட்டின் கணக்கு இங்கே நேராகிவிட்டது. குரலும் ஆளும் ஒன்று.

பறையை வச்சுக்கணுமா, விட்டுடணுமா?

இந்த இசையைப் பேசும்போது ஒரு பெரிய விவாதத்தைத் தாண்டிப் போக முடியாது.

பறை எளிமையான கருவி. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல். வாசிக்குமுன் நெருப்பில் காட்டிச் சூடேத்தணும், அப்பத்தான் தோல் இறுகிக் கணீரென்று பேசும். ஒரு கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. சங்க இலக்கியத்தில் திணைக்கு ஒரு பறை உண்டு. ஆனால் நடைமுறையில் பறையடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டிய ஊழியம். எந்நேரம் ஆனாலும் யார் வீட்டுச் சாவு ஆனாலும் போகணும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடையாது.

அதனால் தலித் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு நிலைப்பாடுகள் இருக்கு. ஒன்று, இது அடிமைச் சின்னம், தூக்கி எறி. தென்னாற்காடு பகுதியில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை விடச்சொல்லி இயக்கமே நடத்தினார். பறையை விட்டவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. வேலையை மறுப்பதுதான் அங்கே விடுதலை.

இன்னொன்று, கருவி குற்றவாளி இல்லை, கட்டாயம்தான் குற்றவாளி என்பது. சாவு வீட்டு வாசலில் கட்டாயத்துக்கு அடிச்சதை, நாமே விரும்பி, மேடையில், நம்ம பாட்டுக்கு அடிப்போம் என்கிற நிலைப்பாடு. 1991-இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழகத்தில் தலித் இலக்கியமும் கலையும் பெரிய அலையாக எழுந்தபோது இது வலுப்பெற்றது. குணசேகரன் இந்தப் பக்கம்.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. முதல் தரப்பு கேட்ட கேள்வியை மறந்துட்டு இரண்டாவது தரப்பு பாடினால், அது வெறும் கலாசாரக் காட்சியாகிடும். குணசேகரனின் பறை அப்படி ஆகலை, ஏன்னா அவர் பாட்டே அந்தக் கேள்வியைத்தான் பேசியது. கருவியை மேடைக்கு ஏத்திட்டு, அதை அடிச்ச கைகளின் கதையைக் கீழேயே விட்டுட்டு வரலை.

ஆராய்ச்சியும் பாட்டும் ஒரே வேலை

அவருடைய புத்தகத் தலைப்புகளே வாதம் பண்ணும். 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்' என்று ஒன்று. நாட்டுப்புறம் என்றால் கிராமம் என்ற நம்பிக்கையை அந்தத் தலைப்பே கலைக்குது. பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவங்க பாட்டை ஊரில் விட்டுட்டா வந்தாங்க?

'சேரிப்புறவியல்' இன்னொன்று. நாட்டுப்புறவியல் என்று பொதுவாகச் சொல்லும்போது ஊரும் சேரியும் ஒரே கூடையில் விழுந்துடும். ஒரே கோயில் கொடையில் ஒருத்தர் தாம்பாளம் வாங்குறார், ஒருத்தர் தள்ளி நின்று மேளம் அடிக்கிறார். இரண்டு பேருடைய அனுபவத்தையும் 'கிராமியக் கலை' என்று ஒரே பெயரில் எழுதினால், தள்ளி நிற்பவரின் தூரம் பதிவாகாமலே போயிடும். அந்தத் தூரத்தை அளக்கத் தனிச் சொல் வேணும் என்று அவர் அதை உண்டாக்கினார்.

நாடகத்திலும் அதே பார்வைதான். 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று சொல்லப்படுவது. சாதியை மட்டும் பேசியிருந்தால் எளிதாகக் கைத்தட்டல் கிடைச்சிருக்கும். ஒடுக்கப்பட்ட ஆணின் வீட்டுக்குள்ளே பெண் எப்படிப் பலியாகிறாள் என்பதையும் அது கேட்டது. தன் பக்கத்தையும் கேள்வி கேட்கும் இந்த நேர்மைதான் பிரச்சாரக் கலையிலிருந்து இவரைப் பிரிக்குது.

இன்னொரு விசயமும் கவனிக்கணும். நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் தமிழில் நிறைய இருக்கு. பெரும்பாலானவற்றில் வரிகள் மட்டும் அச்சாகியிருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு இல்லாத நாட்டுப்பாட்டு, தண்ணி வடிஞ்ச அருவிப் பாறை மாதிரி. இடம் தெரியும், அருவி தெரியாது. பேராசிரியரே பாடகராக இருந்ததால் இந்தப் பாட்டுகள் ஒலியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போச்சு. பின்னாளில் சினிமாவில் பெயர் பெற்ற சின்னப்பொண்ணு போன்ற நாட்டுப்புறப் பாடகிகள் வளர்ந்ததில் அவர் வழிகாட்டுதலுக்குப் பங்கு உண்டு.

உலகத்தில் இது தனி இல்லை

பழைய மெட்டில் புது நியாயத்தைப் பேசுவது எல்லா ஊரிலும் நடந்திருக்கு. அமெரிக்காவில் வூடி கத்ரி (1912–1967) தேவாலயப் பாட்டு மெட்டுகளையும் கிராமத்து மெட்டுகளையும் எடுத்து, வேலை இழந்து அலைஞ்ச விவசாயிகளின் கதையைப் பாடினார். மெட்டு ஏற்கெனவே எல்லார் காதிலும் இருந்ததால் சொல் நேராக உள்ளே போச்சு. பக்கத்தில் தெலங்கானாவில் கத்தர் (1949–2023) தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கையோடு கிராமத்து மெட்டுகளில் நிலம் பற்றியும் கூலி பற்றியும் பாடினார். 1997-இல் சுடப்பட்டார், பிழைத்தார், முதுகுத்தண்டருகே ஒரு குண்டோடு இன்னும் கால் நூற்றாண்டு பாடினார்.

கத்ரியோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் தெரியுது. கத்ரி தேவாலய மெட்டை எடுத்தபோது, "அந்த மெட்டு இழிவானது" என்று யாரும் மூக்கைப் பொத்தலை. குணசேகரன் கையில் எடுத்த தாளமும் கருவியும் பேச்சுமொழியும் ஏற்கெனவே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவை. பாட்டில் நியாயம் பேசுவதற்கு முன்னால், அந்தப் பாட்டே பாட்டுதான் என்று நிறுவ வேண்டிய இரட்டைச் சுமை அவருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு?

இன்னைக்குப் பறை எங்கேயும் கேட்குது. கல்லூரி ஆண்டு விழா, அரசியல் ஊர்வலம், வெளிநாட்டுத் தமிழ்ச்சங்கம், கல்யாண மண்டபம். மணிமாறனின் புத்தர் கலைக்குழு, திண்டுக்கல்லில் பெண்களே பறையடிக்கும் சக்தி கலைக்குழு என்று பலர் அந்த வழியை அகலப்படுத்தினாங்க. 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, கானாவும் ராப்பும் கிட்டாரும் சேர்ந்தாலும், 'தன்னானே'யின் அடிப்படை அப்படியே இருந்தது. ஒருத்தர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும்.

இது வெற்றிதான். ஆனா இந்த வெற்றிக்குள் ஒரு வழுக்கலும் இருக்கு. தாளத்தை ரசிக்கிறவங்க எண்ணிக்கை கூடின அளவுக்கு, அந்தப் பாட்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றவங்க எண்ணிக்கை கூடலை. ஆட்டம் போட வைக்கும் பாட்டாக மட்டும் 'மனுசங்கடா'வைக் கேட்டால், அது நாம் செய்யும் இன்னொரு கிளைக்கதை ஒட்டல். பொம்மக்காவைப் பிராமணப் பெண் ஆக்கினாங்களே, அது மாதிரி. முள் ஒடிஞ்சிடும், பாட்டு அப்படியே இருக்கும்.

2016-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருசம் சனவரி முதல் வாரத்தில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவர் இறந்துபோனார். அவர் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துப்போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. அப்படியும் நடக்கலை. போலீஸ் பாதுகாப்போடு வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைச்சாங்க. உயிரில்லாத உடம்புக்கும் பாதை பிரிக்கிற ஊர். அடுத்த சில நாட்களில், சனவரி 17 அன்று, குணசேகரன் காலமானார். டிசம்பர் 1 அன்று இன்குலாபும் போய்ச் சேர்ந்தார். எழுதியவரும் பாடியவரும் ஒரே வருசத்தில். நம்ம சங்கரன்கோவிலில் இருந்து, தபேலாவைத் தானே வாசிச்சுக்கிட்டு முற்போக்கு மேடைகளில் பாடிய திருவுடையானும் அந்த வருசம் ஆகஸ்டில் சாலை விபத்தில் போனார்.

மறு வருசம், 2017-இல், அம்சன் குமார் இயக்கத்தில் ஒரு படம் வந்தது. அப்பாவின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக ஒரு மகன் நடத்தும் போராட்டம் கதை. படத்தின் பெயர் 'மனுசங்கடா'.

முதல் தடவையாகக் குணசேகரனைக் கேட்கப் போறவங்களுக்கு ஒன்று சொல்லுவேன். முதல் தடவை சொல்லை விட்டுட்டுத் தாளத்தை மட்டும் கேளுங்க. இரண்டாவது தடவை பின்பாட்டுக்காரங்க எங்கே நுழையுறாங்க, எங்கே விலகுறாங்க என்று கவனிங்க. மூன்றாவது தடவை அந்த 'டா' யாரைப் பார்த்துச் சொல்லப்படுது என்று கேளுங்க. நம்மில் பலருக்கு அது நம்மைப் பார்த்துத்தான் என்று அப்பத்தான் புரியும். புரிஞ்ச பிறகும் கூடச் சேர்ந்து "தன்னானே" போட முடியுது என்பதுதான் அந்தப் பாட்டின் பெருந்தன்மை.